அறுபத்து மூன்றாம் பக்கத்தில் ஓர் அம்பு

பாபுவுக்கு,

நீ அனுப்பிய சினிமாக் கதை செவ்வாய்க்கிழமை கூரியரில் வந்தது. மேல் அட்டையில் உன் கோணல் கையெழுத்தில், "அம்மா, பொறுமையாப் படி. எதாச்சும் தப்பா இருந்தா மட்டும் சொல்லு, இல்லன்னா ஓகே" என்று எழுதியிருந்தாய். ஐந்து நாளாகப் பொறுமையாகத்தான் படித்தேன். அதற்குள் மூன்று தடவை போன் செய்துவிட்டாய். மூன்று தடவையும் கண்ணாடி சரியில்லை என்று சொன்னேன். கண்ணாடி நன்றாகத்தான் இருக்கிறது. போனில் நான் எதையாவது சொல்லத் தொடங்கினால் நீ நடுவில் ஒரு பேச்சைப் போட்டுச் சிரிக்க வைத்துவிடுவாய், நானும் சொல்ல வந்ததை விட்டுவிட்டுச் சாப்பிட்டாயா என்று கேட்டு வைத்துவிடுவேன். நம் வீட்டில் முக்கால்வாசிப் பேச்சு இப்படித்தான் பாதியில் போயிருக்கிறது. அதனால் எழுதுகிறேன். பத்தாவது வரை படித்தவள் எழுத்து, பார்த்துப் படித்துக்கொள். இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, கம்பெனி லீவு. மத்தியானச் சாப்பாட்டை முடித்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். கதை நன்றாக வந்திருக்கிறது. ஆம்பூர் என்றதும் பிரியாணி அண்டாவைக் காட்டாமல் கம்பெனி பஸ்ஸைக் காட்டியிருக்கிறாய், அது பிடித்தது. காலை ஆறே முக்காலுக்குப் பொம்பளைகள் டிபன் பாக்ஸோடு முட்டி மோதிக்கொண்டு ஏறுவதை உள்ளது உள்ளபடி எழுதியிருக்கிறாய். அப்பா வேஷத்தில் நீயே நடிக்கிறாய் என்று சொன்னபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அப்புறம் அவர் மாதிரி மீசையை வைத்து எடுத்த போட்டோவை அனுப்பினாய். காய்கறி நறுக்கிக்கொண்டிருந்தேன். போட்டோவைப் பார்த்தேன், போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு மிச்சக் கத்தரிக்காயையும் நறுக்கினேன். அழுதாயா என்று அன்று சாயங்காலம் கேட்டாய். இல்லை. எனக்கு அழுகை வந்து மூன்று வருஷம் ஆகிறது. உங்கப்பா போன அன்றைக்கும் வரவில்லை. ஊசி போட்ட பல்லைத் தட்டினால் சத்தம் கேட்கும், வலி தெரியாது இல்லையா, அந்த மாதிரிதான் இருக்கிறேன். இதைச் சொல்லி உன்னைப் பயமுறுத்தவில்லை. இந்தக் கடிதத்தில் எங்கேயாவது நான் கல் மாதிரிப் பேசுகிறேன் என்று உனக்குப் பட்டால், உன் மேல் கோபம் என்று நினைத்துக்கொள்ளாதே. அவ்வளவுதான்.

என் வேலையைப் பற்றி நீ மேடையில் ஜோக்காக ஆயிரம் தடவை பேசியிருக்கிறாய், ஆனால் பாதிதான் சரி. ஃபைனல் செக்கிங்கில் எங்கள் கைக்கு ஒவ்வொரு ஷூவாக வரும். தையல் விட்டிருந்தால், பசை வழிந்திருந்தால், தோலில் கீறல் இருந்தால், நகத்தளவு சிவப்பு அம்பு ஸ்டிக்கரை எடுத்துக் குறை இருக்கிற இடத்தை அம்பு முனை காட்டுகிற மாதிரி ஒட்டுவோம். ஒட்டுவதோடு எங்கள் வேலை முடிந்தது. ஊசியை எடுத்து நாங்களே தைக்கக் கூடாது. ரிப்பேர் டேபிளில் இருக்கிறவர்கள் சரி செய்துவிட்டு அம்பை உரித்துப் போடுவார்கள். இவ்வளவும் நீ சொல்கிறாய். சொல்லாத ஒன்று இருக்கிறது, உனக்குத் தெரிந்திருக்காது. குறையைப் பார்க்காமல் விட்டுவிட்டால் திட்டு விழும், அதோடு சரி. கண் இருக்கிறவர்களுக்கு ஒரு நாள் தப்பும் என்று கம்பெனிக்கும் தெரியும். ஆனால் அம்பு ஒட்டின ஷூ, ஒட்டின அம்போடு பெட்டிக்குள் போய்விட்டால், அதற்கு மன்னிப்பே கிடையாது. பார்க்காமல் விட்டது வேறு, பார்த்து அம்பும் ஒட்டிவிட்டு அனுப்பி வைத்தது வேறு. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அப்படி ஒரு பெட்டி வெளிநாட்டிலிருந்து திரும்பி வந்தது. அந்த டேபிளில் இருந்த அக்காவை அன்றைக்கே கணக்கு முடித்து அனுப்பினார்கள். அவள் தன் குடையை எடுத்துக்கொண்டு போனாள்.

அந்த அம்புகள் எப்போதும் என் புடவையில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வரும். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது என் முந்தானையில் எத்தனை இருக்கிறது என்று தேடுவாய். ஆறாம் வகுப்பில் கணக்கில் நீ வாங்கின மார்க்குக்கு நேராக ஒன்றை ஒட்டி, கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். மறுநாள் வாத்தியார் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். அதை நீ மேடையில் சொல்லும்போது என் குரலை அப்படியே கொண்டு வருகிறாய். அந்தக் குரல் உனக்குச் சின்ன வயதிலேயே வந்துவிட்டது. நாலாவது படிக்கும்போது ஆயுத பூஜைக்கு உன்னைக் கம்பெனிக்குக் கூட்டிப் போனேனே, ஞாபகம் இருக்கிறதா? அன்றைக்கு ஒரு நாள்தான் குடும்பத்தை உள்ளே விடுவார்கள். மெஷினுக்கெல்லாம் பொட்டு வைத்து, வாழைக்கன்று கட்டி, பொரி கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மேனேஜர் வந்து நாலு வார்த்தை பேசினார். அவர் பேசி முடித்ததும் நீ ஒரு காலி அட்டைப் பெட்டி மேல் ஏறி, வயிற்றைத் தள்ளிக்கொண்டு, பேன்ட்டைத் தூக்கித் தூக்கி விட்டுக்கொண்டு, "லேடீஸ், புரொடக்‌ஷன் கம்மி, பேச்சு ஜாஸ்தி" என்றாய். முந்நூறு பொம்பளைகளும் சிரித்தார்கள். மேனேஜரும் சிரித்தார். நான் மட்டும், வேலை போய்விடுமோ என்று, உன்னைப் பெட்டியிலிருந்து கீழே இழுத்தேன். வீட்டுக்கு வந்து உன்னை அடித்தேன். ஒரு அடி இல்லை, நிறைய. உங்கப்பா குறுக்கே வந்து, "இன்னாமே, அவன் இன்னா திருடுனானா? சிரிக்க வெச்சதுக்கு யாராச்சும் அடிப்பாங்களா?" என்றார். நீ அழவில்லை. நான் அழுதுகொண்டே அடிப்பதை எனக்கே நடித்துக் காட்டினாய். அன்றைக்குக் கை ஓய்ந்ததுதான், அப்புறம் உன்னை அடித்ததில்லை. ஆனால் அடித்தது தப்பு என்று இன்றைக்கு வரைக்கும் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன். தப்பு.

டிப்ளமோ முடித்துச் சென்னையில் நல்ல வேலையில் உட்கார்ந்தவன், சாயங்காலம் ஏதோ காபிக் கடை மாடியில் நின்று ஜோக் சொல்கிறான் என்று கேட்டபோது நான் பேசின பேச்சை நீ மறந்திருக்க மாட்டாய். "ஜோக் சொல்றதுக்கு எதுக்குடா டிப்ளமோ, டீக்கடை பெஞ்சே போதுமே" என்றேன். உங்கப்பாவைப் பற்றி உனக்குத் தெரியாத ஒரு விஷயம் சொல்கிறேன். வாலாஜாவில் யாரோ தோஸ்த் வீட்டுக் கல்யாணம் என்று என்னிடம் பொய் சொல்லிவிட்டு, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு சென்னைக்கு வந்து, அந்த மாடியில் கடைசி நாற்காலியில் உட்கார்ந்து உன்னைப் பார்த்துவிட்டு, உன் கண்ணில் படாமல் திரும்பி வந்தார். தோல் பதனிடுகிற ஷாப்பில் இருபத்தைந்து வருஷம் தோல் ஊறுகிற டிரம்முக்குப் பக்கத்தில் நின்றவர், அந்த வாடை மற்றவர்களுக்கு அடிக்குமோ என்று இரண்டு தடவை குளித்துவிட்டுக் கிளம்பியிருக்கிறார். வந்து என்னிடம் சொன்னார், "மொத்தம் ஒம்போது பேருதான் இருந்தாங்கமே. ஆனா ஒம்போது பேரும் சிரிச்சாங்க." அவர் சிரிப்பு உனக்குத் தெரியும், சத்தமே வராது, வயிற்றைப் பிடித்துக்கொண்டு தோள் மட்டும் குலுங்கும். அதனால்தான் நீ அவரைக் கவனிக்கவில்லை. இதை உன் கதையில் எங்கேயாவது சேர்த்துக்கொள்.

இப்போது அந்த ஸ்டிக்கர் ஜோக்குக்கு வருகிறேன். உன்னை ஊருக்குத் தெரிய வைத்தது அதுதான். அதை நான் முதலில் பார்த்தது ஜமீலாவின் போனில். ஜமீலாவை உனக்குத் தெரியும், பத்து வருஷமாகப் பஸ்ஸில் என் பக்கத்து சீட், பக்கத்து வீடு. பஸ்ஸில் எல்லாரும் ஒரே போனைச் சுற்றிக்கொண்டு சிரித்தார்கள். நீ மேடையில் நின்று சொல்கிறாய்: "எங்கம்மா இருபது வருஷம் குவாலிட்டி செக்கர். மூணு அடி தூரத்துல இருந்து ஒரு தையல் விட்டா கண்டுபிடிச்சிடும். எங்கப்பா கால்ல அவ்ளோ பெரிய புண்ணு, அது தெரியல. ஆனா பாருங்க, அம்மா பொடவையில இருந்து ஒரு ஸ்டிக்கர் தானா உழுந்து, தானா உருண்டு, கரெக்டா அப்பா கால்ல புண்ணுக்கு நேரா போயி ஒட்டிக்கிச்சு. செக்கருக்குத் தெரியாதது ஸ்டிக்கருக்குத் தெரிஞ்சிருக்கு. அந்த ஸ்டிக்கருக்கு இல்ல பிரமோஷன் குடுக்கணும்!" ஜனங்கள் எழுந்து நின்று கை தட்டுகிறார்கள். பஸ்ஸில் இருந்த பொம்பளைகள் சிரித்துவிட்டு, அப்புறம் என்னைப் பார்த்து உச்சுக் கொட்டினார்கள். ஜமீலா மட்டும் சிரிக்கவில்லை. இறங்கி நடக்கும்போது, "அக்கா, புள்ளைக்கு விஷயம் தெரியாதா?" என்று கேட்டாள். "தெரியாது" என்றேன். "சொல்லிடுங்க அக்கா" என்றாள். அதற்கப்புறம் அவள் அதைப் பற்றிப் பேசினதே இல்லை. அவ்வளவு நல்லவள் பக்கத்தில் இருப்பது பேஜார்தான்.

சென்னையில் அந்தப் பெரிய ஹாலுக்கு என்னைக் கூட்டிப் போனாய். முதல் வரிசையில் உட்கார வைத்தாய். அந்த ஜோக் முடிந்ததும், "அதோ, அதான் எங்கம்மா" என்று கை காட்டினாய். வெளிச்சத்தை என் மேல் திருப்பினார்கள். அத்தனை பேரும் எழுந்து தட்டினார்கள். பக்கத்தில் இருந்த ஒரு பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணைத் துடைத்தாள். நான் சிரித்தேன். அது போட்டோவிலும் நன்றாக விழுந்திருக்கிறது. திரும்பும்போது காரில், "உண்மையச் சொல்லு, புடிச்சிச்சா?" என்று கேட்டாய். "ஏசி ஜாஸ்தி" என்று சொன்னேன். நீ அதையும் அடுத்த ஊரில் ஜோக்காகச் சொல்லிவிட்டாய். அப்புறம் ஹீரோவுக்குக் கூட்டாளியாக இரண்டு படம், போலீஸ்காரனாக ஒரு படம், இப்போது நீயே ஹீரோ. எல்லாம் அந்த ஒரு ஸ்டிக்கரில் ஆரம்பித்தது என்று பேட்டியில் சொல்கிறாய். நானும் டிவியில் கேட்டேன். அதனால்தான் இவ்வளவு நாள் வாயைத் திறக்கவில்லை. நீ ஏறிப் போகிற படியை நானே உருவுகிற மாதிரி ஆகிவிடுமோ என்று இருந்தது.

ஆனால் இந்தக் கதையில் அறுபத்து மூன்றாம் பக்கம் இருக்கிறதே. அதில் அந்த ஸ்டிக்கர் தானாக விழவில்லை. அம்மா அலுத்துப் போய்த் தூங்குகிறாள். அப்பா அவள் முந்தானையிலிருந்து ஒரு அம்பை மெல்ல உரித்து எடுக்கிறார், தன் காலிலே புண்ணுக்கு நேராகத் தானே ஒட்டிக்கொள்கிறார், தனக்குத் தானே சிரிக்கிறார், போர்வையை இழுத்துக் காலை மூடிக்கொள்கிறார். வீட்டில் யாருக்கும் தெரியக் கூடாது என்று வலியை மறைத்துவிட்டார் என்று எழுதியிருக்கிறாய். டைரக்டர் அதைப் படித்து அழுதுவிட்டார் என்று சொன்னாய். இருக்கும், நன்றாகத்தான் எழுதியிருக்கிறாய். இதே வீட்டில், இதே கட்டிலில், பத்து நாள் கழித்து ஷூட்டிங்கில் நீ அந்த மீசையோடு உட்கார்ந்து உன் காலில் ஒட்டிக்கொள்ளப் போகிறாய்.

உங்கப்பா எதையும் மறைக்கவில்லை பாபு. என்னிடம் காட்டினார். முதல் நாளே காட்டினார்.

ஷாப்பில் புது ரப்பர் கம்பூட்ஸ் கொடுத்திருந்தார்கள். ஒரு சைஸ் சின்னது. நாள் முழுக்க ஈரத்தில் நிற்கிற கால், சுகர் வேறு. அன்றைக்குச் சாயங்காலம் நான் வேலை முடிந்து வந்து அக்கடா என்று உட்கார்ந்தேன். அவர் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு காலை என் மடியில் நீட்டினார். "இத கொஞ்சம் பாரேன். பூட்ஸ் கடிச்சிருக்கு போல. வலிக்கவே இல்ல, ஆனா ஈரமா இருக்கு" என்றார். பார்த்தேன். குதிகாலுக்கு மேலே, உள்பக்கம், எட்டணா அளவுக்குத் தோல் வழன்று, ஓரம் வெளுத்திருந்தது. நான் பார்க்காமல் விடவில்லை. நன்றாகப் பார்த்தேன். இது சாதாரணக் கடி இல்லை என்று எனக்குத் தெரிந்தது. அத்தனை வருஷம் தோலைப் பார்த்த கண், தெரியாமல் இருக்குமா? முந்தானையில் ஒரு அம்பு ஒட்டியிருந்தது. அதை எடுத்து அவர் காலில் புண்ணைக் காட்டி ஒட்டி, "இந்த பீஸ் ரிஜெக்ட்" என்றேன். அவருக்கு வந்ததே ஒரு சிரிப்பு. தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்துவிட்டு, "ரிப்பேருக்கு அனுப்புமே, ரிஜெக்ட் பண்ணிடாத" என்றார். எனக்கும் சிரிப்பு அடங்கவில்லை. மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் குழைத்துப் போட்டேன். ஷிப்மென்ட் முடிந்ததும் வேலூருக்குப் போய்க் காட்டலாம் என்றேன். அவரும் சரி என்றார்.

மறுநாள் குளிக்கும்போது அம்பு விழுந்துவிட்டது. சாயங்காலம் நான் வந்ததும் வராததுமாகக் காலை நீட்டிக்கொண்டு, "இன்னா செக்கரம்மா, இன்னிக்கி அம்பு எங்க?" என்றார். ஒட்டினேன். அதற்கு மறுநாளும் ஒட்டினேன். பதினோரு நாள் இப்படி. ஒவ்வொரு சாயங்காலமும் புதுசாக ஒரு அம்பு. எட்டணா ஒரு ரூபாய் ஆனது, ஒரு ரூபாய் உள்ளங்கை அகலம் ஆனது, ஓரம் கறுத்தது. வலிக்கிறதா என்று தினமும் கேட்டேன். "சத்தியமா இல்லமே" என்றார். வலிக்கவில்லை என்பதை இரண்டு பேரும் நல்ல சேதி என்று எடுத்துக்கொண்டோம். சுகர் காலில் வலி செத்துப்போவதுதான் மோசம் என்று அப்புறம் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ஜமீலா பஸ்ஸில் இரண்டு தடவை சொன்னாள், "அக்கா, அண்ணன உடனே டாக்டராண்ட இட்டுனு போங்க, எங்க மாமுக்கு இப்படித்தான் ஆச்சு" என்று. கேட்டுக்கொண்டேன். நடுவில் ஒரு நாள் நீ வீடியோ காலில் வந்தாய். அவர் எழுந்து போவதைப் பார்த்துவிட்டு, "இன்னாப்பா, நொண்டுற?" என்றாய். அவர், "ஷூ கம்பெனிக்காரி புருஷனுக்கே செருப்புக் கடிடா" என்றார். மூன்று பேரும் சிரித்தோம். அப்போது நான் வாயைத் திறந்திருந்தால் நீ அன்றைக்கே பஸ் பிடித்து வந்திருப்பாய்.

ஷிப்மென்ட் நேரத்தில் லீவு கிடைக்காது என்று அவரிடம் சொன்னேன். அது பொய். கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள், நான் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று என்னை நானே கேட்டுப் பார்த்திருக்கிறேன். வேலைதான் காரணம் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் அந்தப் பதினோரு சாயங்காலமும் நாங்கள் சிரித்த மாதிரி கல்யாணம் ஆன நாளிலிருந்து சிரித்ததில்லை. நீ சென்னைக்குப் போன பிறகு இந்த வீட்டில் பேச்சே இல்லை. அவர் ஷாப்பிலிருந்து வருவார், நான் கம்பெனியிலிருந்து வருவேன், சாப்பிடுவோம், படுப்போம். அந்த அம்பு வந்த பிறகு அவர் எனக்காகக் காத்துக்கொண்டு இருந்தார். ஆஸ்பத்திரிக்குப் போனால் அந்த விளையாட்டு முடிந்துவிடும். இதை மனதில் அப்படியே நினைத்தேன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் உள்ளே எங்கேயோ அதுதான் இருந்தது. வேடிக்கையாகச் சொல்லிவிட்டால் பார்த்தாகிவிட்டது, கவனித்தாகிவிட்டது என்று ஒரு நினைப்பு வந்துவிடுகிறது. உனக்கு அறிவுரை சொல்கிற தகுதி எனக்கு இல்லை, ஆனால் உன் தொழிலும் இதுதான் என்பதால் இந்த ஒன்றை மட்டும் சொல்கிறேன். சிரித்து முடித்த பிறகு ஒரு தடவை திரும்பிப் பார். அந்த இடத்துக்கு அப்புறம் யாராவது மருந்து போட்டார்களா என்று பார்.

பன்னிரண்டாம் நாள் காலையில் அவருக்கு உடம்பு கொதித்தது. காய்ச்சல் மாத்திரை கொடுத்து, கஞ்சி வைத்து மூடிவிட்டு, நான் பஸ் ஏறினேன். அன்றைக்குத்தான் கன்டெய்னர் கிளம்புகிற நாள். பதினோரு மணிக்கு ஜமீலா வீட்டுக்காரர் போன் செய்தார். அவர்தான் நினைவில்லாமல் கிடந்தவரைத் தன் ஆட்டோவிலேயே தூக்கிப் போட்டுக்கொண்டு வேலூருக்குப் போயிருக்கிறார். நான் போய்ச் சேர்ந்து, நீ சென்னையிலிருந்து பையை மாட்டிக்கொண்டு ஓடி வந்து நின்ற பிறகு டாக்டர் கால் மேல் கிடந்த போர்வையை விலக்கிக் காட்டினார். முந்தின நாள் நான் ஒட்டின அம்பு அப்படியே இருந்தது. சின்ன வயது டாக்டர். "இது இன்னாம்மா? யார் ஒட்டுனது?" என்றார். நீ என்னைப் பார்த்தாய். "தெரியல சார். என் பொடவையில இருந்து விழுந்து ஒட்டியிருக்கும்" என்றேன். "புண்ணு எவ்ளோ நாளா இருக்கு?" என்றார். "இப்பதான் சார் பாக்குறேன்" என்றேன். அவர் அதை உரித்துக் குப்பைக் கூடையில் போட்டார். முழங்காலுக்குக் கீழே காலை எடுத்தார்கள். ஆறாம் நாள் போய்விட்டார். நினைவு வந்த ஒரு நாளில், போர்வைக்கு அடியில் கால் இருந்த இடத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் சொன்ன பொய் அவருக்குத் தெரியுமோ தெரியாதோ, அவர் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை.

காரியம் முடிந்து வேலைக்குப் போனேன். செக்கிங் டேபிளில் உட்கார்ந்தேன். கை தானாகக் குறையைக் கண்டுபிடித்தது, அம்பை எடுத்தது, ஒட்டியது. ஒரு வாரம் பார்த்தேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை, அதுதான் பயமாக இருந்தது. சூப்பர்வைசரிடம் போய், என்னைப் பேக்கிங்குக்கு மாற்றிவிடுங்கள் என்றேன். "இன்னாக்கா, சீனியர் செக்கர் போயி பேக்கிங் கேக்குறீங்க?" என்று சிரித்தாள். மாற்றினாள். மூன்று வருஷமாக நான் பேக்கிங்கில்தான் இருக்கிறேன். நீ இன்னும் மேடையில் என்னைச் செக்கர் என்று சொல்கிறாய். நான் சொல்லவில்லை, நீயும் கேட்கவில்லை. ஷூவுக்குள் காகிதம் திணித்து, பெட்டியில் படுக்க வைத்து, மூடுவதற்கு முன்னால் எங்கேயாவது அம்பு இருக்கிறதா என்று புரட்டிப் பார்ப்பேன். மற்றவர்கள் ஒரு தடவை பார்ப்பார்கள், நான் இரண்டு தடவை பார்ப்பேன்.

கதை வந்த மறுநாள் என் வேஷத்தில் நடிக்கிற பெண்ணை அனுப்பி வைத்தாயே, நல்ல பெண். நான் உட்காருவதையும் எழுந்திருப்பதையும் பார்த்துக்கொண்டே இருந்தது. போகும்போது, "அப்பா கால்ல ஸ்டிக்கரப் பாத்தப்ப உங்களுக்கு எப்படிம்மா இருந்துச்சு?" என்று கேட்டது. "ஒண்ணும் இல்லமா" என்றேன். அதைச் சின்ன நோட்டில் எழுதிக்கொண்டது. அது எழுதிக்கொண்டதைப் பார்த்தபோதுதான் எனக்குச் சுருக்கென்றது. நான் பேசாமல் இருந்தால், இந்தப் பொய் என்னோடு போகிற பொய் இல்லை. நான் செத்த பிறகும் யாரோ ஒரு பெண் ஒன்றும் தெரியாத அப்பாவியாக அந்தக் கட்டிலில் தூங்கிக்கொண்டிருப்பாள். அவர், பெண்டாட்டியிடம் கூடச் சொல்லாமல் புண்ணை மறைத்த மனுஷனாக இருப்பார். என்னை மகராசி என்பார்கள், அவரைப் பைத்தியக்காரன் என்பார்கள். என் மடியில் காலை நீட்டிக் காட்டினவரை நான் அப்படி விட முடியாது.

இதைப் படித்துவிட்டு என்னை வெறுத்தால் வெறுத்துக்கொள். வாசலில் வந்து கத்தினாலும் சரி, ஆறு மாசம் பேசாமல் இருந்தாலும் சரி. ஜோக் சொல்லாதே என்று நான் சொல்லவில்லை. படத்தை நிறுத்து என்றும் சொல்லவில்லை. ஒன்று மட்டும் செய்யாதே. இதையும் ஒரு வேடிக்கையாக்கி எனக்குப் போன் செய்து சிரிக்க வைக்காதே. நானும் சிரித்துவிடுவேன்.

கதையை ஜமீலா வீட்டுக்காரரிடம் கொடுத்து நாளைக்கே கூரியரில் போடச் சொல்லியிருக்கிறேன். வேறு எங்கேயும் கை வைக்கவில்லை. அறுபத்து மூன்றாம் பக்கத்தில், அப்பா காலில் ஒட்டிக்கொள்கிறார் என்ற வரிக்கு நேராக ஒரு அம்பு ஒட்டியிருக்கிறேன். இதற்காகவே செக்கிங் டேபிளில் போய்க் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். அந்த இடத்தை எப்படித் தைப்பது என்று எனக்குத் தெரியாது, அது என் வேலையும் இல்லை. சரி செய்துவிட்டு உரித்துப் போடு. சரி செய்ய மனசு வரவில்லை என்றால் அப்படியே வைத்திரு. அம்போடு மட்டும் பெட்டியை மூடிவிடாதே.

அம்மா